பதம் அறியாத பெட்டி

எண்ணெய் இல்லாமல் பொரிக்க வந்த ஏர் ஃப்ரையரில் சோறு பொலபொலவென்று வருமா? வரும். ஆனால் அந்தப் பெருமை பெட்டிக்குச் சேராது.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில், கொல்கத்தா நெடுஞ்சாலையில் இருக்கிறது சூளூர்பேட்டை. காளங்கி ஆற்றங்கரையில் செங்காளம்மன் கோயில், கிழக்கே பழவேற்காடு ஏரி, அதற்கு அப்பால் 1971 அக்டோபர் 9 அன்று தன் முதல் ராக்கெட்டை ஏவிய ஸ்ரீஹரிகோட்டா. நெல்லூர் மாவட்டத்தில் இருந்த ஊர் 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டத்துக்குப் போயிற்று. மாவட்டம் மாறினாலும் மாறாத ஒன்று, மதியச் சாப்பாட்டின் நடுவில் இருக்கும் சோறு.

தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்த எல்லைப் பகுதியில் சோற்றுக்கும் இரண்டு மொழிகள். தமிழில் உலை என்றால் தெலுங்கில் எசரு. இங்கே கஞ்சி வடிப்பார்கள், அங்கே கஞ்சி வார்ப்பார்கள். தண்ணீரை அளந்து வைத்து, வடிக்காமலே இறக்கும் சோற்றுக்குத் தெலுங்கில் அத்தெசரு என்று தனிப் பெயரே உண்டு. பரீட்சையில் தேறுவதற்கு மட்டும் போதுமான மார்க் வாங்கும் பையனை 'அத்தெசரு மார்க்குலு' என்று கேலி செய்வார்கள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று பொருள். நல்ல சோற்றின் ரகசியமும் ஏறக்குறைய அதுதான்.

இந்தச் சமையலறைகளுக்கு இப்போது ஒரு புது விருந்தாளி வந்திருக்கிறது. உருளைக்கிழங்கு வறுவலையும் சமோசாவையும் சொட்டு எண்ணெயில் செய்து தருவதாகச் சொல்லும் ஏர் ஃப்ரையர். வாங்கிய சூட்டில் ஒரு வாரம் வறுவல் நடக்கும். பிறகு மேடையில் இத்தனை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பெட்டியைப் பார்த்து அடுத்த கேள்வி எழும்: இதில் சோறு வைக்க முடியுமா? அதுவும் ஒட்டாமல், குழையாமல், உதிரி உதிரியாக?

கேள்வி சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் சோறு குழைவது பல வீடுகளில் சாதாரண விஷயமல்ல. குழம்பில் உப்பு கூடினால் கைத்தவறு என்று விட்டுவிடுவார்கள். சோறு குழைந்தால் சமைத்தவரின் பக்குவத்தையே சந்தேகிப்பார்கள். புதிதாக வந்த மருமகளுக்கு வைக்கப்படும் முதல் பரீட்சையே பல இடங்களில் இதுதான். "எங்கள் வீட்டில் மல்லிகைப்பூ மாதிரி இருக்கும்" என்று ஆரம்பிக்கும் வாக்கியம் எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். விலையுயர்ந்த இயந்திரம் வந்த பிறகு குற்றச்சாட்டு இன்னும் கூர்மையாகிறது. இதில் வைத்துமா குழைந்தது?

எனவே குற்றவாளி யார் என்று முதலில் பார்த்துவிடலாம்.

அரிசி என்பது பெரும்பாலும் மாவுச்சத்து. அதில் இரண்டு வகை. நீண்ட இழைபோல் இருப்பது அமைலோஸ். கிளைகள் விட்டுப் பரந்திருப்பது அமைலோபெக்டின். அமைலோஸ் அதிகமானால் சோறு உதிரியாக இருக்கும், ஆறினால் விறைக்கும். அமைலோபெக்டின் மேலோங்கினால் ஒட்டும். நெல் விஞ்ஞானிகள் அமைலோஸ் 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் உயர்நிலை என்றும், 20 முதல் 25 வரை இருந்தால் இடைநிலை என்றும் வகுக்கிறார்கள். கிழக்காசியாவின் ஒட்டரிசியில் அது அநேகமாக இல்லவே இல்லை. ஆக, ஒட்டுமா உதிருமா என்பதில் பாதி, அரிசி அடுப்படிக்கு வருவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

மீதியில் பெரும் பங்கு அரிசியின் வயதுக்கு. அறுவடையான சூட்டோடு அரைத்த புது அரிசி தண்ணீரில் சீக்கிரம் கரைந்து பசையை வெளியே விடும். ஆறு மாதம், ஒரு வருடம் கிடந்த அரிசியில் மணியின் உட்கட்டு இறுகியிருக்கும். அது அதிகத் தண்ணீர் குடிக்கும், நன்றாக விரியும், ஆனால் உடையாது. பழைய அரிசிக்குக் கடைக்காரர் கூடுதல் விலை சொல்வது வெறும் வியாபாரத் தந்திரமல்ல. மூட்டை மாறிய வாரத்தில் சோறு குழைந்தால் சமைத்தவரைக் கேட்பதற்கு முன்னால் மூட்டையைக் கேட்பதே நியாயம்.

பெயரிலேயே நெல்லை வைத்திருப்பதாகச் சொல்லப்படும் நெல்லூரின் அரிசி இந்த நெடுஞ்சாலை வழியாகத்தான் செங்குன்றம் மண்டிகளுக்கும் சென்னைக்கும் போகிறது. தமிழர்கள் ஆந்திரா பொன்னி என்று கேட்டு வாங்கும் அரிசியின் உண்மைப் பெயர் பி.பி.டி. 5204. சாம்பா மசூரி என்றும் சொல்வார்கள். பாபட்லா ஆராய்ச்சி நிலையம் 1986இல் வெளியிட்ட ரகம் இது. இதன் மூதாதைகளில் ஒன்று கோவை நெல் ஆராய்ச்சி நிலையம் 1921இல் தந்த ஜி.இ.பி. 24. இன்னொன்று மலேசியாவிலிருந்து வந்த மசூரி. லங்காவித் தீவின் நாட்டுப்புறக் கதை நாயகி ஒருத்தியின் பெயர் அது.

அந்த மசூரி பிறந்த கதை சுவாரஸ்யமானது. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 1950களில் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தை மையமாக வைத்து நடத்திய கலப்பினத் திட்டத்தில், தைவானின் தைச்சுங் 65 என்ற ரகமும் மலாயாவின் மயாங் எபோஸ் 80 என்ற ரகமும் இணைந்து உண்டான வாரிசு அது. தமிழ்நாட்டின் பொன்னியும் இதே வம்சம்தான். எல்லைக்கு இந்தப் பக்கம் பொன்னிதான் அரிசி என்றும் அந்தப் பக்கம் மசூரிதான் அரிசி என்றும் வாதாடுகிறவர்கள் ஒன்றுவிட்ட சகோதரர்களுக்காகத்தான் வாதாடுகிறார்கள்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்மை. ஆந்திர இலையில் பெரும்பாலும் பச்சரிசி. தமிழ் இலையில் பெரும்பாலும் புழுங்கலரிசி. புழுங்கல் என்பது உமிக்குள்ளேயே ஒரு முறை வெந்து காய்ந்த அரிசி. மணி இறுகிவிடுவதால் மறுபடி வேகும்போது எளிதில் ஒட்டாது. அதற்குத் தண்ணீரும் கூடுதலாக வேண்டும், நேரமும் கூடுதலாக வேண்டும். பச்சரிசிக்கு வைக்கும் கணக்கைப் புழுங்கலுக்கு வைத்தால் நடுவில் அரிசி நிற்கும். புழுங்கலுக்கு வைக்கும் கணக்கைப் பச்சரிசிக்கு வைத்தால் கூழாகும். இரண்டும் புழங்கும் வீட்டில் இந்தத் தவறு நடப்பது சுலபம்.

உதிரிச் சோற்றுக்கு நம் பாட்டிமார் கண்ட வழி வடிப்பது. கொள்ளாத அளவு தண்ணீரில் அரிசியை வேகவிட்டு, ஒரு பருக்கையை விரலில் நசுக்கிப் பதம் பார்த்து, சிப்பலால் மூடிப் பானையைச் சாய்ப்பார்கள். வெளியேறிய பசையெல்லாம் கஞ்சியோடு போய்விடும். அரிசி சுமாராக இருந்தாலும் சோறு பொலபொலவென்று வரும். கொதிக்கும் பானையைச் சாய்க்கும்போது ஆவியில் கை வெந்த கதை எத்தனையோ வீடுகளில் உண்டு.

இந்தப் பொலபொலப்புக்கு இன்னொரு விலையும் இருந்தது. 1918இல் குன்னூரில் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு பிரிவு தொடங்கப்பட்டது. ராபர்ட் மெக்காரிசன் தலைமையில் வளர்ந்த அந்தப் பிரிவுதான் 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அன்றைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி பெரிதாகத் தாக்கியது வட சர்க்கார் எனப்பட்ட ஆந்திரக் கடலோரப் பகுதியை. தீட்டிய பச்சரிசியை நம்பி வாழ்ந்த பகுதி அது. தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமின் ஆலையில் போனது போக, மிச்சம் களையும் தண்ணீரிலும் வடித்த கஞ்சியிலும் போயிற்று. புழுங்கல் சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். அவிக்கும்போது வைட்டமினில் ஒரு பகுதி மணிக்குள் இறங்கிவிடுவதே காரணம். வடித்த கஞ்சியில் உப்பும் மோரும் விட்டுக் குடித்த வீடுகள் அறியாமலே சாமர்த்தியம் செய்தன. கஞ்சியைச் சாக்கடையில் கொட்டிய வீடுகள் அறியாமலே நஷ்டப்பட்டன.

அத்தெசருவில் இந்த நஷ்டம் இல்லை. வைத்த தண்ணீர் முழுவதும் சோற்றுக்குள்ளேயே போகிறது. ஆனால் பிழைக்கு இடமும் இல்லை. அரை டம்ளர் கூடினால் குழைவு, குறைந்தால் விறைப்பு. கடந்த எழுபது வருடங்களில் வந்த சோற்று இயந்திரங்கள் எல்லாம் இந்த அத்தெசருவை யார் கையிலும் சரியாக வரவைக்கும் முயற்சிகள்தாம்.

அதில் முதல் வெற்றி ஜப்பானுடையது. 1955 டிசம்பரில் தோஷிபா நிறுவனம் தானாக அணையும் மின்சார ரைஸ் குக்கரை விற்பனைக்கு விட்டது. வடிவமைத்தவர் யோஷிதாடா மினாமி என்ற சிறு தொழிலதிபர். விதவிதமான நிலைமைகளில் சோறு சமைத்துச் சமைத்துப் பரிசோதித்தவர் அவர் மனைவி ஃபுமிகோ. அந்த இயந்திரத்தின் தந்திரம் எளிமையானது. தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் தீர்ந்ததும் சூடு ஏறும். ஏறியதும் உள்ளே இருக்கும் உலோகத் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். விரலில் பருக்கையை நசுக்கிப் பார்த்த பெண்ணின் வேலையை அந்தத் தகடு செய்தது.

இந்தியாவில் ஹாக்கின்ஸும் ப்ரெஸ்டீஜும் 1959இல் பிரஷர் குக்கர் தயாரிப்பில் இறங்கின. அதற்குப் பதம் தெரியாது. ஆனால் அழுத்தம் தெரியும். விசில் அடித்துச் சொல்லும். எத்தனை விசில் என்று எண்ணும் பொறுப்பை மட்டும் சமைப்பவரிடம் விட்டது.

ஏர் ஃப்ரையர் வந்தது 2010இல். ஃப்ரெட் வான் டெர் வெய் என்ற டச்சுக்காரரின் கண்டுபிடிப்பை பிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் அறிமுகம் செய்தது. மேலே ஒரு சூட்டுக் கம்பி, அதற்கு மேல் ஒரு விசிறி, கீழே துளை போட்ட கூடை. 200 டிகிரி வரை சூடான காற்று கூடையைச் சுற்றிச் சுழலும். அது பிறந்த காரணமே உருளைக்கிழங்கு வறுவல். கிழங்கில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பங்கு தண்ணீர். மேற்பரப்பில் இருக்கும் தண்ணீரை விரட்டி மொறுமொறுப்பாக்குவதுதான் பெட்டியின் வேலை. அரிசியின் கதை நேர் எதிர். அதில் இருக்கும் ஈரம் 12 முதல் 14 சதவீதம். சோறாகும்போது அது மூன்றில் இரண்டு பங்கை நெருங்குகிறது. தண்ணீரை விரட்டப் பிறந்த இயந்திரத்திடம் தண்ணீரைப் புகட்டும் வேலையைக் கொடுக்கிறோம் என்பதுதான் இதில் உள்ள வில்லங்கம்.

அரிசிக்கு வறண்ட சூடு பழக்கமில்லாததல்ல. சுடு மணலில் போட்டால் பக்குவம் செய்த அரிசி பொரியாகிறது. ராயலசீமையில் காலை உணவாகும் உக்கானி அந்தப் பொரியில் செய்வதுதான். ஆனால் பொரி வேறு, சோறு வேறு. ஊறவைத்த அரிசியை வெறுமனே கூடையில் கொட்டி ஓடவிட்டால் கிடைப்பது இரண்டும் அல்ல. பல்லுக்குச் சவாலான மூன்றாவது வஸ்து.

அப்படியானால் வழி? பெட்டியை அதன் சுபாவத்திலிருந்து தடுத்துவிட வேண்டும். ஒரு டம்ளர் பழைய பச்சரிசியைக் களைந்து அரை மணி நேரம் ஊறவைத்து வடிக்க வேண்டும். கூடைக்குள் அடங்கும் எவர்சில்வர் பாத்திரத்தில் அரிசியைப் போட்டு, ஒன்றே முக்காலிலிருந்து இரண்டு டம்ளர் வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். அது தளதளவென்று கொதிக்கும் தண்ணீராக இருப்பது முக்கியம். பச்சைத் தண்ணீரை அந்தப் பெட்டி சூடாக்கி முடிப்பதற்குள் அரிசி வெளியே குழைந்து உள்ளே வேகாமல் நிற்கும். அரை ஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை பொங்காது. பிறகு இறுக்கமான மூடி, அல்லது பாத்திரத்தின் விளிம்பைச் சுற்றி மடித்து இறுக்கிய அலுமினியத் தாள். தாள் தளர்வாக இருந்தால் விசிறிக் காற்று அதைத் தூக்கிச் சூட்டுக் கம்பியில் ஒட்டவைக்கும், அது ஆபத்து. 180 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். அணைத்த பின் திறக்காமல் பத்து நிமிடம் விட வேண்டும். மணிகளுக்கு இடையே நிற்கும் ஆவி சமமாகப் பரவி அடங்குவது அந்தப் பத்து நிமிடத்தில்தான். பின்பு முள்கரண்டியால் மெல்லக் கிளறினால் சோறு உதிரி உதிரியாக வரும்.

கவனித்தால் தெரியும், இதில் காற்று எங்கும் அரிசியைத் தொடவே இல்லை. மூடிய பாத்திரத்துக்குள் நடந்தது பழைய அத்தெசரு. ஏர் ஃப்ரையர் வெறும் அடுப்பாக வெளியே நின்றது.

செலவுக் கணக்கும் அதற்குச் சாதகமாக இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரை அறைச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக, வீணாகாமல் இருந்தால் 0.08 யூனிட் மின்சாரம் போதும். 1,500 வாட் ஏர் ஃப்ரையர் அரை மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் முக்கால் யூனிட் வரை இழுக்கும். இடையிடையே கம்பி அணைந்து எரிவதால் உண்மைச் செலவு சற்றுக் குறையலாம். 700 வாட் ரைஸ் குக்கர் அதே அரை மணிக்கு 0.35 யூனிட்டைத் தாண்டாது. கொதிநீரைத் தனியாக வைக்கும் செலவு வேறு. கிடைக்கும் சோறும் இரண்டு பேருக்கு மட்டும்.

ஆகவே ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் இது வேண்டாத வேலை. ஆனால் எல்லோருக்கும் அப்படியல்ல. தடா, ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்து கேஸ் அடுப்பு வைக்க இடமில்லாத அறையில் தங்குபவர், கொதிக்கும் பானையைச் சாய்க்கக் கைநடுக்கம் இடம்கொடுக்காத தனித்த முதியவர் போன்றவர்களுக்கு, கையில் இருக்கும் ஒரே பெட்டியில் சோறும் வைக்கலாம் என்பது பயனுள்ள செய்தி. இனிமேல்தான் வாங்கப்போகிறார் என்றால் அவருக்கு ஏற்றது சிறிய ரைஸ் குக்கர்தான்.

மீந்த சோற்றைச் சூடு பண்ணுவதில் ஏர் ஃப்ரையர் ஓரளவு கைகொடுக்கும். ஃப்ரிட்ஜில் கிடந்த சோறு விறைப்பது மாவுச்சத்து மறுபடி இறுகுவதால். கைத் தண்ணீர் தெளித்து, மூடி, 160 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் வைத்தால் இளகும். மூடாமல் வைத்தால் மேல் மணிகள் சரளைக் கல்லாகும். சோற்றைச் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. கொதியையும் தாங்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் வெளியே கிடக்கும் சோற்றில் பெருகி விஷம் உண்டாக்கும். அந்த விஷம் மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

ராக்கெட் ஊருக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பெட்டியின் குறையைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். 2019 ஜூலை 15 அதிகாலையில் சந்திரயான் 2 கிளம்புவதற்கு 56 நிமிடம் 24 விநாடி இருக்கும்போது கவுண்ட்டவுன் நிறுத்தப்பட்டது. உள்ளே ஏதோ சரியில்லை என்று கருவிகள் சொன்னதால் நிறுத்தினார்கள். ஒரு வாரம் கழித்து, ஜூலை 22 அன்று அது ஒழுங்காகக் கிளம்பியது. கடிகாரம் மட்டும் இருந்து, உள்ளே நடப்பதைச் சொல்லும் கருவி இல்லாமல் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். ஏர் ஃப்ரையரிடம் இருப்பது கவுண்ட்டவுன் மட்டும். காற்றின் சூடு அதற்குத் தெரியும். பாத்திரத்துக்குள் தண்ணீர் தீர்ந்ததா, மணி வெந்ததா என்பது தெரியாது. மணியடித்து நின்றுவிடும்.

அதனால்தான் இந்த இயந்திரத்தின் முன்னால் சமைப்பவரின் அறிவு கூடுதலாகத் தேவைப்படுகிறது. எந்த அரிசி, எத்தனை மாதம் பழசு, பச்சையா புழுங்கலா, தண்ணீர் எத்தனை என்பதையெல்லாம் அவர்தான் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற சௌகரியம்கூட இங்கே இல்லை. நடுவில் திறந்தால் ஆவி போய்விடும். இத்தனையும் சரியாக அமைந்து சோறு மல்லிகைப்பூவாக வந்தால், "பெட்டி நன்றாக வேலை செய்கிறது" என்று வீட்டில் சொல்லக்கூடும். குழைந்தால் என்ன சொல்வார்கள் என்பதும் தெரிந்ததே. மூட்டை எப்போது மாறியது என்று விசாரித்துவிட்டு அதைச் சொல்வது நல்லது.